பின்னால் நிற்பவன்

மூன்று மணிக்கு முன்னால் வண்டிகளை உள்ளே விடுவதில்லை. ஆர்டிஸ் இரண்டரைக்கே வந்துவிட்டாள். முகாமின் கம்பிக் கதவுக்கு வெளியே, புழுதிச் சாலையில், எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் கணவன் வெர்லின் இருந்தான். அவன் சாம்பலைத் தகர டப்பாவில் போட்டு, டப்பாவுக்கு சீட் பெல்ட் மாட்டியிருந்தாள்.

கதவுக்கு அப்பால் ஆறு தெரிந்தது. கொலராடோ அந்த இடத்தில் அகலமாக, பச்சையாக, சத்தமில்லாமல் போகும். மற்ற மூன்று பக்கமும் கல்லும் மணலும்தான். பெட்ரோல் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும்.

அவர்கள் கூட்டம் ஒவ்வொரு பிப்ரவரியும் இங்கேதான் கூடும். எல்லாரும் நெப்ராஸ்காவில் சோளம் விதைத்தவர்கள். வயதானதும் வயலைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுக் குளிர்காலத்தில் வண்டியோடு தெற்கே வந்துவிடுவார்கள். வெர்லினும் ஆர்டிஸும் வீட்டையும் விற்றவர்கள். முப்பத்தாறு அடி நீள வண்டிதான் அவர்களுக்கு வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை, தையல் மிஷின் எல்லாம் அதற்குள். வேறு முகவரி கிடையாது.

இந்த முறை பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வெர்லின் இறந்து ஒரு வருடம். சாம்பலை ஆற்றில் விட வேண்டும் என்று அவனே சொல்லியிருந்தான். மகன் கர்ட்டும் மகள் ஜோலீனும் முந்தின நாளே வந்து ஆளுக்கொரு கூடாரம் எடுத்திருந்தார்கள். வெள்ளைக் கேன்வாஸ் கூடாரங்கள். உள்ளே இரட்டைக் கட்டில், கம்பளம், செம்புக் குளியல் தொட்டி.

சாம்பலைத் தவிர இன்னொரு காரியமும் இருந்தது. போன வாரம் கர்ட் போனில் சொன்னான்.

"ஒன்பதாம் நம்பர் இடத்துல நீயே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்மா. நிறுத்திட்டேன்னா இன்னும் ஒரு வருஷத்துக்கு நான் வாயே திறக்கமாட்டேன். இடிச்சேன்னா வண்டியை வித்துடலாம். மேஸாவுல ஒரு முதியோர் இல்லத்துல ரூம் சொல்லி வச்சிருக்கேன்."

"எந்த மாதிரி ரூம்?"

"நல்ல ரூம். ஜன்னல் இருக்கு."

"வண்டியில பதினோரு ஜன்னல் இருக்குடா."

"விளையாடாதே. சரியா, இல்லையா?"

"சரி," என்றாள்.

எல்லாம் டிசம்பரில் ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயைக் கழற்றாமல் வண்டியை எடுத்துவிட்டாள். குழாய் அறுந்து முகாம் முழுக்கத் தண்ணீர். வெர்லின் இதே வேலையை இரண்டு தடவை செய்திருக்கிறான். அவன் செய்தபோது கூட்டம் அவனுக்கு ஒரு தொப்பி பரிசளித்தது. அவள் செய்ததும் யாரோ கர்ட்டுக்கு போன் செய்தார்கள்.

அதே மாதம் வண்டியின் பின்பக்கக் கேமராவும் செத்துப்போனது. நானே மாற்றித் தருகிறேன் என்றான் கர்ட். இன்னும் மாற்றவில்லை.

யூமாவில் ஒரு தேவாலயத்தின் பின்னால் வெறும் தார்த்தரை இருந்தது. ஆர்டிஸ் அங்கே வாளிகளைக் கவிழ்த்து வைத்துப் பழகினாள். கொஞ்சம் பின்னால் எடுப்பாள். இறங்கிப் போய்ப் பார்ப்பாள். ஏறி, மறுபடி கொஞ்சம் எடுப்பாள். முதல் வாரம் வாளிகள் நசுங்கின. பிறகு நசுங்கவில்லை.

முகாமின் முதலாளிப் பெண் ஷானா வந்து கதவைத் திறந்தாள்.

"ஒன்பதுதானே? உங்களுக்குன்னே வச்சிருக்கேன்."

ஒன்பது ஆற்றை ஒட்டிய இடம். ஒரு வேல மரம், லேசான சரிவு, சரிவின் கடைசியில் வண்டிகள் ஆற்றில் இறங்காமலிருக்கப் புதைத்த இரும்புத் தூண்கள். அவள் உள்ளே வருவதற்குள் கூட்டம் மடக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டது. யார் வண்டி நிறுத்தினாலும் மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். முகாமில் சாயங்காலத்துக்கு வேறு வேடிக்கை இல்லை.

மெர்ல் பியரைத் தூக்கிக் காட்டினான். வெர்லினுக்குப் பக்கத்து வயல்காரன். இப்போது முழங்காலில் அறுவை செய்து, காலை ஒரு பெட்டிமேல் நீட்டி வைத்திருந்தான்.

"படம் போட்டாச்சு! உக்காருங்க, உக்காருங்க!"

"ஆர்டிஸ், சோளப்பொரி நீ தரியா, நாங்களே பொரிச்சுக்கட்டுமா?" என்றாள் அவன் மனைவி லவோன்.

"உன் புருஷன் போன வருஷம் என் மேசையை ஏத்தி நசுக்கினானே, அதுக்கு யாரு பொரிச்சா?" ஆர்டிஸ் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"மேசைதான் குறுக்கே வந்துச்சு," என்றான் மெர்ல்.

சிரித்தார்கள்.

வண்டியை நேராக்கி, கண்ணாடிகளைச் சரி செய்துவிட்டு இறங்கினாள். நடந்துபோய் இடத்தைப் பார்த்தாள். தூணைத் தொட்டாள். கர்ட் கூடாரத்திலிருந்து வந்தான். ஷேவ் செய்யாத முகம். வெர்லினின் தோள்.

"நான் பின்னால நிக்கிறேம்மா."

"வேண்டாம்டா. நான் இறங்கி இறங்கிப் பார்த்துக்கறேன். அப்படித்தான் பழகியிருக்கேன்."

"ராத்திரி ஆயிடும். நான்தான் இருக்கேனே. இவ்வளவு பெரிய வண்டியை யாரும் தனியா ரிவர்ஸ் எடுக்கறதில்லை. அப்பாவே எடுத்ததில்லை."

அது உண்மை. வெர்லின் ஓட்டுவான், ஆர்டிஸ் பின்னால் நிற்பாள். கடைசி வருடங்களில் அவள் ஓட்டினாள், அவன் நின்றான். பேச்சு கிடையாது. கைதான்.

"அப்ப கேட்டுக்கோ," என்றாள். "இடது பக்கக் கண்ணாடியில உன் முகம் எனக்குத் தெரியணும். தெரியலேன்னா நின்னுடுவேன். ரெண்டு கையையும் மடக்கி உன் பக்கமா அசைச்சா வான்னு அர்த்தம். குறுக்கே வச்சா நில்லு. இது தவிர வேற எதுவும் காட்டாதே. வண்டிக்குள்ள இருந்துக்கிட்டு நான் யோசிக்கமாட்டேன். நீ காட்டறதைச் செய்வேன்."

"தெரியும்மா. உங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தானே வளர்ந்தேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். டப்பாவின் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

கண்ணாடியில் கர்ட் நின்றான். பின்னால் ஆறு. வெயில் தண்ணீரில் மின்னியது. அவன் கைகள் அசைந்தன. வா. வா. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி சரிவில் தானாக இறங்கியது. சரளைக்கல் சக்கரத்துக்கடியில் நொறுங்கியது. மரக்கிளை ஒன்று கூரையை உரசி விட்டது. வளைவு சரியாக வந்தது. வாளிகளோடு பழகியதைவிட நன்றாக வந்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

வேல மரம் அவள் ஜன்னலுக்கு நேராக வந்தது. இத்தனை வருடமும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். மரத்தின் அடிப்பகுதி ஜன்னலுக்கு நேர் வந்தால் பின்பக்கம் தூணுக்கு ஓர் ஆள் நடக்க இடம் இருக்கும். வெர்லின் அந்த நேரத்தில் கைகளைக் குறுக்கே வைப்பான்.

கர்ட் கைகளைக் குறுக்கே வைக்கவில்லை. வா. வா.

மரம் ஜன்னலைத் தாண்டி முன்னால் போயிற்று. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மகனின் முகம் தெரிந்தது. இரண்டு கைகளும் அவன் மார்பை நோக்கி மடங்கி மடங்கி அசைந்தன. தூணைத் தள்ளி நட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். ஆனால் அதைத்தான் இப்போது தொட்டுவிட்டு வந்தாள். கால் பிரேக்கைத் தொட்டது. அழுத்தவில்லை. பின்னால் ஒருவர் நிற்கும்போது யோசிப்பதில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பெட்டியை மிதித்தது போல. பிறகு உள்ளே அலமாரிகள் திறந்துகொண்டு, தட்டுகள் விழுந்தன.

இறங்கி வந்தபோது கர்ட் அவளை நோக்கி ஓடி வந்தான்.

"நில்லுன்னு காட்டினேனே! ரெண்டு கையையும் குறுக்கே வச்சேனே! பார்க்கலையா?"

"நீ வான்னு காட்டினே."

"அம்மா."

குழந்தையிடம் பேசுவது போலச் சொன்னான்.

"வான்னுதான் காட்டினே, கர்ட்."

"வெயில் கண்ணாடியில அடிச்சிருக்கும். பரவாயில்லை. விடு."

வண்டியின் பின்பக்கம் உடைந்து உள்ளே போயிருந்தது. அங்கேதான் எஞ்சினும் ரேடியேட்டரும். ரேடியேட்டரிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒழுகி, சரளைக்குள் இறங்கி, ஆற்றுப் பக்கம் கோடு போட்டது. இனி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஜோலீன் கூடாரத்து வாசலிலிருந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "யாருக்கும் அடிபடலையேம்மா. அது போதும்." அவள் அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

ஆர்டிஸ் நாற்காலிகளைப் பார்த்தாள். மெர்ல் எழுந்து நின்றிருந்தான். அவன் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. பியர் மணலில் கொட்டியிருந்தது.

"சின்ன இடிதான்," என்றான். பிறகு நாற்காலியை நிமிர்த்தி, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. மெர்ல் மேசையை நசுக்கியபோது ஒரு மணி நேரம் கேலி செய்தார்கள்.

கர்ட் அன்று மாலை முழுக்க அந்த ஓட்டையை அடைத்தான். நீலத் தார்ப்பாயை அளந்து வெட்டி, ஓரங்களை மடித்து, சுருக்கமில்லாமல் ஒட்டினான். வெர்லினும் அப்படித்தான் செய்வான். முடித்துவிட்டு உடைந்த தட்டுகளைக் கூட்டினான். படுக்கையை உதறிப் போட்டான்.

"சாவி என்கிட்ட இருக்கட்டும்மா."

அவள் கொடுத்தாள்.

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா? நடு ரோட்டுல ஆகியிருந்தா? எனக்கு எத்தனை நாள் தூக்கம் இல்லேன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது," என்றாள். அவன் கண் சிவந்திருந்தது. அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மற்றதுதான் தெரியவில்லை. கர்ட் போன பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். வெயில் இப்போது இன்னும் தாழ்ந்திருந்தது. கண்ணாடி பளபளத்தது. ஒருவேளை அவன் கையைக் குறுக்கே வைத்திருப்பானோ? மேஸாவில் அந்த அறைக்கு ஒரு ஜன்னல். அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டிருக்கவில்லை.

இருட்டியதும் பெரிய பாத்திரத்தில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் வெந்தன. ஷானா கூடாரங்களுக்கு முன்னால் விளக்குச் சரம் கட்டினாள். ஆர்டிஸ் சாப்பிட்ட தட்டைக் கழுவப் பொதுக் குழாய்க்குப் போனாள். குழாய் மெர்லுடைய வண்டிக்குப் பின்னால் இருந்தது. வண்டியின் ஜன்னல் திறந்திருந்தது.

"நாய்க்குட்டியைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டுக்கிட்டே நின்னான்," என்றாள் லவோன் உள்ளே. "தூணுக்கும் வண்டிக்கும் ஒரு ஜாண் இல்லை. அப்பவும் வா வாங்கறான். நான் கண்ணால பார்த்தேன்."

"மெதுவாப் பேசு."

"நீயும் பார்த்தே. கத்தத்தானே எழுந்தே?"

"கத்தினேனா?"

"இல்லை."

"அப்ப விடு. அது அவங்க குடும்பம். அவ ஓட்டறது எனக்கும்தான் பயமா இருக்கு. குழாயை இழுத்துக்கிட்டுப் போனாளே, அன்னிக்கு அவனுக்கு போன் பண்ணதே நான்தான்."

"நீயா?"

"வேற யாரு பண்ணுவா?"

"நாளைக்கு நம்ம பையன் வந்து உனக்குப் பின்னால நிப்பான்," என்றாள் லவோன். "அப்ப தெரியும்."

ஜன்னல் மூடிக்கொண்டது. ஆர்டிஸ் தட்டைக் கழுவினாள். சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள்.

காலையில் எல்லாரும் கரைக்கு வந்தார்கள். ஆற்றிலிருந்து ஆவி எழுந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பச்சைத் தண்ணீர் ஓடிய தடம் சரளையில் காய்ந்திருந்தது. இழுவை வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது என்று கர்ட் அவள் காதில் சொன்னான். மதியத்துக்குள் வந்துவிடும். மேஸாவுக்கு அவன் காரிலேயே போய்விடலாம்.

கர்ட் அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசினான். கணக்காகப் பேசினான். ஜோலீன் அழுதாள். லவோன் பாட ஆரம்பித்து முதல் அடியிலேயே நிறுத்திவிட்டாள்.

"இப்ப நீம்மா," என்றான் கர்ட்.

ஆர்டிஸ் தண்ணீரின் ஓரம் வரை போனாள். டப்பாவின் மூடியைத் திறக்கவில்லை. திரும்பி நின்றாள். முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். லவோன் தலையைக் குனிந்துகொண்டாள். மெர்ல் ஊன்றுகோலை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான்.

"அம்மா, திற," என்றான் கர்ட்.

அவள் டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"மெர்ல், நேத்து நீ இந்தப் பக்கம் பார்த்துத்தானே உக்காந்திருந்தே. வெர்லினைக் கையில வச்சுக்கிட்டுக் கேக்கறேன். வண்டி தூண்ல மோதறப்ப என் மகன் கை எப்படி இருந்துச்சு?"