வலது கால்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். குளத்தூர் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு நான் கத்தியதில் நியாயம் இருந்தது.

எங்கள் பிரேசில் கால்பந்து ரசிகர் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். பிரேசில் கேப்டனின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவர், பதினாறு வயதில் கிளப்பில் சேர்ந்தவர், கிளப்புக்காக இரண்டு முறை கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கியவர். தன் கடைசி உலகக்கோப்பை நேரம் பார்த்து அவருக்கு இடது முழங்கால் போய்விட்டது. எங்கள் கரையில் கால் நோவென்றால் மாதா கோயிலில் வெள்ளியில் செய்த சின்னக் காலை நேர்ச்சையாக வைப்போம். கேப்டனுக்கும் வைக்க முடிவானது. வாங்கிவரும் வேலையைக் கிளீட்டஸ் அண்ணனிடம் விட்டோம்.

அண்ணனின் மகள் ஆன். எங்கள் பெண்கள் அணியில் அவளைப்போல் பந்தைக் கொண்டுபோக ஆள் கிடையாது. போன மாதம் அவளுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன். ஆறு மாதத்தில் ஓடலாம் என்றார் டாக்டர். "களிச்சது மதி, இனி போவண்டாம்" என்று அவள் விளையாடுவதையே நிறுத்தினார் அண்ணன். மறுநாளே பூட்ஸை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அதை அணியில் புதிதாகச் சேர்ந்த லிஜாவுக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் பொட்டலத்தைப் பிரித்தார். பெருவிரல் இருந்த பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தலைக்கேறியது.

"அண்ணே, கண்ணு தெரியாதா? இது வலது காலு! கேப்டனுக்கு எடது காலு ஆக்கும்!"

"தெரியும்லே."

"தெரிஞ்சிட்டுதான் வாங்கினீரா?"

"அவருக்குச் சுத்திலும் பத்து டாக்டருமாரு உண்டு. எனக்க மவளுக்கு யாருலே உண்டு?"

ஊன்றுகோலுடன் நின்ற ஆன் பக்கம் அண்ணன் திரும்பினார்.

"போவண்டாம்னு சொன்னது பயத்துலயாக்கும் மக்கா. நீ விழுந்து கெடந்தத இந்தக் கண்ணால கண்டேன்லா. காலு சரியானா நீ போய்க் களி. நான் கிரவுண்டுல வந்து இருக்கேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு சரித்திரம் படித்தவனுக்கு அடுத்த வீட்டுப் பெண்ணின் கால் ஞாபகம் வரவில்லையே! கேப்டனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அவரும் கடற்கரைக்காரர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெள்ளியில் செய்த அந்தக் காலை ஆன் தன் கையாலேயே மாதாவின் முன்னால் வைத்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"சிஜோ அண்ணா, எனக்க பூட்ஸ் எங்க?"

"லிஜாவுக்குக் குடுத்தாச்சே. இன்னும் அஞ்சு மாசம் உண்டுல்லா, பொறவு வாங்கித் தாறேன்."

"வேண்டாம். இண்ணைக்கே வேணும்."

லிஜா வீட்டுக்குப் போக நான் பைக்கை எடுத்தேன்.