நீலப் பறவை மூடி

ரப்பர் தோட்டத்து ஆபீசின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி நல்லசாமியின் கண்ணாடி அலமாரியில் ஆறு கோப்பை, ஆறு தட்டு, பால் ஜாடி, சீனிக் கிண்ணம், டீப்பாட் எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் நீல நிறத்தில் ஒரு பாலம், ஒரு மரம், இரண்டு பறவைகள். சீமைக்குக் கப்பலேறும் துரைமார் பங்களாக்களில் லேலோங் என்ற ஏலம் நடக்கும்போதெல்லாம் ஓடி ஓடி, ஆறு வருஷமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. யாராவது வீட்டுக்கு வந்தால் கோப்பையை விரலால் சுண்டிக் காட்டுவார். "கேட்டீங்களா? மணிச் சத்தம். விரிசல் இருந்தா சட்டிச் சத்தம் வரும். விரிஞ்சது எவ்வளவு பழசானாலும் குப்பைதான்." வந்தவர்களுக்குக் காப்பி மட்டும் தகரக் குவளையில்தான் வரும்.

இல்லாதது ஒன்றே ஒன்று. டீப்பாட்டின் மூடி.

வாங்கும்போது இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அலமாரியிலிருந்து காணாமல் போனது. வீடு கூட்டும் ராக்கம்மாவைக் கிராணி வேலையிலிருந்து நிறுத்தினார். வண்ணானைச் சந்தேகப்பட்டார். பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட முறைத்தார். மூடி வரவில்லை.

இப்போது அவசரம் வந்துவிட்டது. காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சுடுவதால் நாட்டில் நாலு வருஷமாகவே அவசரகாலம்தான். ஆனால் கிராணியின் அவசரம் வேறு. புதிதாக வந்த துரை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் வீட்டுக்கு டீ குடிக்க வருவதாகச் சொல்லியிருந்தார். அந்தத் தோட்டத்தில் கிராணி வீட்டு நாற்காலியில் எந்தத் துரையும் உட்கார்ந்ததில்லை. பதினோரு வருஷமாக நல்லசாமி துரைகளுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தவர். ஒரு அரை மணி நேரம், ஒரே மேசையில், எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் போதும்.

"ஒரு கிண்ணத்தைக் கவுத்து மூடுங்களேன்" என்றாள் மனைவி மயிலம்மாள்.

"துரை பாத்தா என்னா நினைப்பாரு? மொட்டை டீப்பாட்டா?"

வெள்ளிக்கிழமை லாரியேறி சிரம்பான் போய், அங்கே ராசா பகுதியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் காதர் மைதீனைப் பிடித்தார். காதர் மைதீன் பெட்டிக்குள் கைவிட்டு மூன்று மூடிகளை எடுத்துப் போட்டார். ஒன்று பெரிசு. ஒன்று உள்ளே விழுந்தது. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அதில் ரோஜாப்பூ.

"வைங்க கிராணியாரே. டீ குடிக்கிற துரை மூடியையா குடிக்கப் போறாரு?"

"பறவை வேணும் காதர் பாய்."

"பறவைக்கு நான் பாசார்லதான் போகணும், கோழி வாங்க."

பெட்டியின் அடியில் இன்னொரு மூடி கிடைத்தது. நீலப் பறவையேதான். கிராணி அதை வாங்கிப் பல்லில் தட்டிப் பார்த்தார், சட்டிச் சத்தம். வெந்நீர் கேட்டு அதில் முக்கினார். பசை இளகி, மூடி இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பறவையாக நின்றது.

"நல்லா இருந்த மூடியை ரெண்டாக்கிட்டியளே" என்றார் காதர் மைதீன்.

மறுநாள் காலை வெறுங்கையோடு திரும்பும்போது, தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில் வளைவில் லாரி நின்றது. அந்த வளைவில் காட்டுக்காரர்கள் மூன்று லாரிகளைச் சுட்டிருந்தார்கள். அதனால் டிரைவர்கள் எல்லாரும் இறங்கிச் சூடம் கொளுத்தாமல் தாண்டமாட்டார்கள். கிராணி எப்போதும் இறங்காமல் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார். படித்தவர் அல்லவா.

"ஐயா, தீப்பெட்டி நமுத்துப்போச்சு. உங்களுது குடுங்க" என்றான் டிரைவர் வீரமுத்து.

கொடுத்த தீப்பெட்டி திரும்பி வராது என்பதால் கிராணி தானே இறங்கினார். மரத்தடியில் ஒரு கல். பின்னால் ஆள் உயரச் சூலம், சிவப்புத் துணி சுற்றியது. கல்லுக்கு முன்னால், குமிழை மண்ணில் புதைத்து மல்லாத்தி வைத்த ஒரு வெள்ளைப் பீங்கான். வீரமுத்து அதற்குள் சூடம் வைத்தான். சுடர் எழுந்ததும் வெளிப்புறம் தெரிந்தது, விளிம்பைச் சுற்றி நீலப் பறவைகள்.

கிராணி மண்டியிட்டுக் குனிந்தார். பக்தி என்று வீரமுத்து நினைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானமே பூசாரி மாயாண்டியைப் பால்கொட்டகையிலிருந்து அழைத்து வரச் சொன்னார். மாயாண்டி காலையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பவன், மற்ற நேரத்தில் முனியாண்டியின் காரியஸ்தன்.

"எவன்டா அந்த மூடியைத் திருடினது?"

"திருட்டா? நேர்த்திக்கடன் ஐயா. குடுத்தவுங்களைக் கேளுங்க."

"யாரு?"

மாயாண்டி கிராணியைப் பார்க்காமல் அடுப்படிப் பக்கம் பார்த்தான். மயிலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான்தாங்க. நீங்க அரிசி எடுக்க கெமாஸ் போனீங்களே, அன்னைக்கு அந்த வளைவுல சுட்டாங்க. ராத்திரி வரைக்கும் உங்க சேதி இல்ல. உங்களுக்கு ரொம்பப் பிரியமானதைச் சாமிக்குத் தர்றேன்னு வேண்டிக்கிட்டேன்."

"அதுக்கு என் மூடியா?"

"வேற எதைக் குடுக்க? உங்களுக்கு என் மேலயா பிரியம்?"

மாயாண்டி இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினான்.

"டீப்பாட்டையே குடுத்திருக்கணும்" என்றாள் அவள். "மூடி இல்லாட்டியும் டீ ஊத்தலாம்னு நான்தான் மூடியோட நிறுத்தினேன்."

இதற்கு நன்றி சொல்வதா, கத்துவதா என்று கிராணிக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார்: கத்தினார். மாயாண்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாத்து வைக்கலாம் ஐயா" என்றான். "ஆனா அதே அளவுக்குப் பிரியமானதா இருக்கணும். சாமி ஏமாறாது லா."

அலமாரியில் உள்ள எதைத் தொட்டாலும் செட் உடையும். மாயாண்டியின் கண் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைத் தொப்பியில் நின்றது. கிராணியைக் கிராணியாகக் காட்டும் தொப்பி. அது இல்லாமல் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனால், கூலிகளை மேய்க்கும் தண்டல்கூட வணக்கம் சொல்லமாட்டான்.

கிராணி அலமாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியை ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி. மூடியைப் புளி போட்டு ஏழு தரம் தேய்த்தும் சூட வாசனை போகவில்லை. பரவாயில்லை; பறவைகள் இருந்தன. டீப்பாட் மேல் மூடி உட்கார்ந்தபோது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பழகிப் பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

நாலு மணிக்குத் துரையின் கார் வரவில்லை. துப்பாக்கிச் சத்தம் வந்தது. இருபது, முப்பது வெடி. தொழிலாளர் லயத்தில் கதவுகள் சாத்தப்பட்டன. மயிலம்மாள் கிராணியின் வேட்டியைப் பிடித்து மேசைக்கடியில் இழுத்தாள். அந்த அவசரத்திலும் அவர் டீப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் போனார்.

ஐந்து மணிக்கு மாயாண்டி வந்தான். கையில் தொப்பி. அதில் நாலு ஓட்டை.

"ஒண்ணும் இல்ல ஐயா. சூலத்து மேல தொப்பியைக் கவுத்து வச்சிருந்தேன், சாமிக்கு எடுப்பா இருக்கட்டும்னு. துரை கார் வளைவுல திரும்பினப்போ தூறல். முன்சீட்டு போலீஸ்காரரு தொப்பியையும் சிவப்புத் துணியையும் பாத்திருக்காரு. காட்டுக்காரன்தான் நிக்கிறான்னு சுட்டுத் தள்ளிட்டாங்க."

"துரை?"

"பங்களாவுக்குத் திரும்பிட்டாரு. இனிமே யாரு வீட்டுக்கும் போறதில்லையாம். யாரு தொப்பின்னு மட்டும் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"சாமி முன்னால பொய் சொல்லுவேனா? பெரிய கிராணி தொப்பின்னேன்."

கிராணி உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மயிலம்மாள் சுடச்சுடப் புது டீ போட்டு இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் அந்தக் கோப்பையை அவள் கழுவித்தான் இருக்கிறாள். டீயில் கோயில் மணத்தது.

மாயாண்டி நகரவில்லை.

"இன்னும் என்னாடா?"

"ஓட்டை விழுந்தது சாமிக்கு ஆகாது ஐயா. பின்னம். நீங்களே சொல்லுவீங்களே, விரிஞ்சது எவ்வளவு பழசானாலும் குப்பைன்னு." தொப்பியை மேசைமேல் வைத்தான். "மூடியைக் குடுத்துருங்க."

கிராணி தொப்பியின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மயிலம்மாள் மூடியை எடுத்துத் துடைத்து மாயாண்டியிடம் கொடுத்துவிட்டு, டீப்பாட் ஆறாமல் இருக்கத் தொப்பியை எடுத்து அதன்மேல் கவிழ்த்தாள்.

நாலு ஓட்டை வழியாகவும் ஆவி வந்தது.