இருபதுக்கு இருபது

என் ஆராய்ச்சியில் இருபதுக்கு இருபது வாங்கிய ஒரே ஆள் என் அம்மா ஆனந்தம்மாள். பதினேழாம் எண் படிவம். டிக் போட்டது என் கைதான்.

நர்சிங் நான்காம் ஆண்டில் எல்லோரும் ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். உப்பளப் பெண்களுக்குத் தண்ணீர் குடிப்பதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது என் தலைப்பு. முதலில் இருபது கேள்வி. பிறகு படம் காட்டிப் பாடம். ஒரு வாரம் கழித்து அதே இருபது கேள்வி. மதிப்பெண் ஏறினால் பாடம் ஜெயித்தது. எந்த சீனியருக்கும் ஏறாமல் இருந்ததில்லை.

மரக்காணம் உப்பளத்தில் நாற்பது பெண்கள் வேண்டும் என்றபோது அம்மாதான் ஆள் பிடித்தாள். மேஸ்திரி தேசப்பனிடம் கெஞ்சி, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் வரப்பில் உட்கார வைத்தாள். என் கைடு மேடம் குடை பிடித்து நின்றார். மேஸ்திரியும் நகரவில்லை.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கணும்?"

"மூணு லிட்டரு மேடம்." பெற்ற மகளை மேடம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க எவ்ளோ குடிக்கிறீங்க?"

"அதே மூணு லிட்டருதான்."

"ஏண்டி புளுவுற?" என்றாள் பக்கத்திலிருந்த பூவிழி அக்கா. "உன் பாட்டிலு காலையில வந்தாப்பலயே சாயங்காலம் வீட்டுக்குப் போவுது."

அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். நான் பார்த்தேன். "நெக்ஸ்ட் கேள்விக்குப் போம்மா" என்றார் மேடம். டிக் போட்டுவிட்டுப் போனேன்.

அன்றிலிருந்து பதினோராம் நாள் அம்மா உப்புக் கூடையோடு பாத்தியில் விழுந்தாள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. நீர் கோத்த வீக்கம், இரண்டாம் ஆண்டுப் பாடம். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அந்தக் காலைத்தான் தினமும் வீட்டில் பார்த்தேன். "உப்புத் தண்ணியில நிக்கிற காலு வீங்காதா?" என்பாள். நானும் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவேன்.

இரண்டு கிட்னியும் போய்விட்டது. "வேலையில தண்ணி குடிப்பாங்களா?" என்று டாக்டர் கேட்டார். பதில் என் பையில் இருந்தது.

அவர் போனதும் அம்மாவிடம் கேட்டேன்.

"உண்மைய சொல்லு. எவ்ளோ குடிப்ப?"

"நீ என்னன்னு எழுதியிருக்கிற?"

"அம்மா!"

"காலையில ஒரு டீ. அப்புறம் வீட்டுக்கு வந்துதான். குடிச்சா போவணும், எங்க போறது? ஒரு செடி இருக்குதா அங்க? சுத்தி ஆம்பளைங்க. நீதான் வந்து பார்த்தியே."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"மேஸ்திரி நிக்கிறான், உன் மேடம் நிக்கிறாங்க. உன் பரீட்சையில நானே தப்பா சொல்லுவனா?"

அவளுக்குத் தெரியும். நாற்பது பேருக்கும் தெரியும். தெரியாதது எனக்குத்தான். என் இருபது கேள்வியில் ஒன்றுகூட, எங்கே போவீர்கள் என்று கேட்கவில்லை.

மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "டேட்டா எடுத்தாச்சும்மா, இப்ப மாத்தக் கூடாது. உன் டைட்டில்ல டாய்லெட்டே இல்லியே. திங்கக்கிழமை சப்மிட் பண்ணிடு. அம்மாவுக்கு ப்ரே பண்றேன்."

திரும்பி வந்தபோது வார்டு சிஸ்டர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டா எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருதான். மேல குடிச்சா மூச்சு வாங்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்ப அந்தக் கேள்விக்கு பதிலு மாறிடுச்சா பிரிசில்லா? உன் மார்க்கு போயிடுமா?"

பதினேழாம் படிவத்தை எடுத்து அந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தேன். பேப்பர் கிழிந்தது. பக்கத்தில் 'ஒரு டீ' என்று எழுதினேன். மீதி முப்பத்தொன்பது இருந்தது. பூவிழி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மேஸ்திரி பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான். ஏன்?"

"ஒண்ணு கேக்கணும். மறைவா எங்கனா தள்ளிப் போங்க."

"மறைவா?" என்றாள். "இங்க எங்கடி போறது?"