துறைமுகச் சத்தம்

சத்தம் கேட்டபோது நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். எப்படிப் போனேனென்று தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குப் பழகிய உடம்பு, என்னைக் கேட்காமலே படுத்துவிட்டது. தமிழில் பாதி, இங்கிலிஷில் பாதியாகக் குண்டு, பொம்ப் என்று கத்தியதும் நான்தான். ரிசீவர் வயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் "ஹலோ? ஹலோ?" என்றது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அது ஹெல்காவின் குரல். ஜெர்மனியில் சுற்றுலாப் பயணிகளைச் சேர்த்து அனுப்பும் நிலையமொன்றில் வேலை செய்பவள். கொழும்புக் கோட்டையில் எங்கள் ஹோட்டலின் டெலிபோன் அறைக்கு யன்னல் இல்லை. அதனால் அவளுடைய யன்னலை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். வெளியே பனி விழும், டிராம் ஒன்று மணியடித்துத் திரும்பும். "கொழும்பு எப்படி?" என்று ஒவ்வொரு தரமும் கேட்பாள். "அமைதி, நல்ல வெயில்" என்று சொல்லவேண்டும் என்பது ஹோட்டல் விதி. அன்றைக்கு, டிசம்பரில் வரவிருந்த முப்பத்தெட்டுப் பேரின் பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினேழாவது பெயரில் சத்தம் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மெற்றில்டா அக்கா எட்டிப்பார்த்தார். துணி அறையில் பத்தொன்பது வருடம் வேலை செய்பவர். கை நிறையப் படுக்கை விரிப்புகள்.

"என்ன பிள்ளை, பங்கருக்குள்ள பூந்திட்டீங்களா?" வயிறு குலுங்கச் சிரித்தார். "நேவிக்காரன் ஹாபருக்குள்ள வெடி போடுறான். கப்பலுக்குக் குண்டு வைக்கக் களவா நீந்தி வாறவனுக்கு. கொட்டாஞ்சேனையில எங்கட வீட்டுக் கோப்பையெல்லாம் ஒருநாளைக்குப் பத்துத்தரம் ஆடும். அதுக்கெல்லாம் படுத்தா, எப்ப எழும்பிச் சமைக்கிற?"

நான் வேலைக்கு வந்து ஒன்பது நாள்தான்; அந்தச் சத்தத்தை அவ்வளவு கிட்டக் கேட்டது அதுதான் முதல் தரம். மூன்று தரம் முயன்று ஹெல்காவைப் பிடித்தேன். துறைமுகம், வெறும் துறைமுகம் என்றேன். "எனக்கு விளங்குது, டியர்" என்றாள், நோயாளியோடு பேசுவதுபோல.

வியாழக்கிழமை ஃபாக்ஸ் வந்தது. நாட்டு நிலைமை காரணமாக முப்பத்தெட்டுப் பேரும் வரவில்லை. அந்த வருடம் வந்த எல்லா ஃபாக்ஸிலும் அதே வசனம்தான். அதனால் மனேஜர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்காக மெற்றில்டா அக்கா தட்டித் துடைத்துத் திறந்துவைத்த நாலாம் மாடி திரும்பவும் பூட்டப்பட்டது. துணி அறைக்கு இனி ஒரு ஆள் போதும் என்றார்கள். அங்கிருந்த இரண்டு பேரில் இளையவளை வைத்துக்கொண்டார்கள்.

"உமக்கு மூன்று பாஷை தெரியும், பயப்பட வேண்டாம்" என்றார் மனேஜர். அப்போது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வடக்கிலிருந்து வந்தவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவு நினைவுக்கு வந்தது. ஹோட்டல் கடிதம் இல்லாவிட்டால் கொழும்பில் நிற்பதற்கு என்ன காரணம் காட்டுவது? வெள்ளவத்தை அறையில் அந்தக் கடிதம் தலையணைக்குக் கீழே இருந்தது. "தாங்க் யூ, சேர்" என்றேன்.

கடைசி நாள் மெற்றில்டா அக்கா சொல்லிவிட்டுப் போக வந்தார். எனக்கும் ஒரு பிளேன்டீ கொண்டுவந்திருந்தார்.

"எங்கட மனுசனுக்கும் இப்ப ஹாபரில வேலையில்ல. பாப்பம், மாதா இருக்கிறா" என்றார். "அந்த வெள்ளைக்காரருக்கு ஆர் என்னத்தச் சொல்லிப் பயப்படுத்தினாங்களோ!"

"அக்கா, அண்டைக்கு நான் மேசைக்குக் கீழ..."

"அதை ஒருத்தருக்கும் சொல்லயில்ல பிள்ளை. ஆராவது பகிடி பண்ணுவாங்க."

"இல்லையக்கா, அப்ப ஃபோன்..."

தொம் என்றது. சுவர் அதிர்ந்தது. நான் அசையவில்லை. கதிரையில் நிமிர்ந்தபடியே இருந்தேன்.

மெற்றில்டா அக்கா கைதட்டினார். "பாத்தீங்களா! பழகிட்டீங்க!"

பிளேன்டீயில் சின்னச் சின்ன வளையங்கள் விரிந்து கோப்பையின் விளிம்பைத் தொட்டன. வெளிநாட்டு லைனின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எடுங்க பிள்ளை," என்றார் அவர், என்னைவிட அவசரமாக. "எடுங்க, ஆக்கள் வரப்போறாங்க போல."