ஜுனைதாவின் காணியில் எழும்பிய மேடுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், ஆலங்குடாவுக்குத் தெற்கேயிருந்த ஜுனைதாவின் காணி, விமானம் மேலே பறக்கும்போதெல்லாம் வட்ட வட்ட மேடுகளாக எழும்பி, சத்தம் கடற்பக்கம் தேய்ந்ததும் பழையபடி மட்டமானது. ஊரார் இதைக் கண்டதில்லை. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது யுத்தகாலச் சட்டம். ஜுனைதா இறங்குவதில்லை. கணவன் நூஹு கடலுக்குப் போய், தோணி மட்டும் கவிழ்ந்தபடி கரையொதுங்கியதிலிருந்து அவளுக்கு ஒளிந்துகொள்ளும் எண்ணமே வரவில்லை. மய்யித்தாக உடலைக் காணாமல் மவுத்தாகிவிட்டான் என்று எப்படிச் சொல்வது என்று பள்ளிவாசலில் தயங்கினார்கள். அதனால் கைம்பெண்கள் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் அடங்கியிருக்கும் இத்தாவை அவளால் இருக்க முடியவில்லை. வாசலில் யாராவது செருமினால் அவன்தானோ என்று எழும்பாமல் இருக்கவும் முடியவில்லை.

மேடுகளை முதலில் கண்டுகொண்டது புத்தளம் நில அளவைக் கந்தோர். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில், மேடுகளும் அவற்றைச் சுற்றிய பள்ள வளையங்களும் தம் நிழலோடு தெளிவாக விழுந்திருந்தன. பழங்காலத்தார் இறந்தவர்களைத் தாழியில் வைத்து மூடிய புதைமேடுகளாக இருக்கலாம் என்று வெள்ளைக்கார அதிகாரி சொன்னார். அவர் ஆட்களோடு வந்து பார்த்தபோது காணி பாய் விரித்ததுபோல் கிடந்தது. தோண்டினார்கள், வெறும் மணல். படத்தில்தான் ஏதோ பழுது என்று முடிவு செய்து, காணியைத் தட்டையாக்கி விமான ஓடுபாதை போட அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்.

ஓடுபாதைக்காக மறுபடி படம் எடுத்தார்கள். கந்தோரில் படம் பார்த்து வரைபடம் கீறுகிற அருளப்பு, சிலாபத்துக் கத்தோலிக்கன், அந்தப் படங்களோடு ஒரு காலையில் அவளிடம் வந்தான். தட்டைப் படத்தை மேடுபள்ளமாகக் காட்டும் இரட்டைக் கண்ணாடியின் கீழே இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து பார்க்கச் சொன்னான். ஜுனைதா பார்த்தாள். அவளுடைய கிணறு ஆழமாகத் தெரிந்தது; தென்னைகள் அவள் கண்ணை நோக்கி உயர்ந்தன. வட்ட மேடுகளெல்லாம் சற்று விலகி இடம்விட்டிருந்தன. கிணற்றுக்குப் பக்கத்தில், அந்த இடத்தில், முந்தைய படங்களில் இல்லாத ஒரு மேடு கிடந்தது. அது வட்டமில்லை. ஆள் நீளம், தெற்கு வடக்காக.

"மத்ததெல்லாம் ஆர்ர எண்டு தெரியாது ராத்தா," என்றான் அருளப்பு. "இது புதுசு."

ஜுனைதா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்க வெகுநேரமாயிற்று. "அவருக்கு இடது தோள் கொஞ்சம் தூக்கல்," என்றாள். "இஞ்ச பாருங்க தம்பி, இதுலயும் அப்படித்தான்."

அன்று பகலில் விமானம் வந்தபோது அவள் கிணற்றடியில் நின்றாள். காலடி மணல் மெல்ல உயர்ந்தது. மண்டியிட்டு அதன்மேல் கையை வைத்தாள். வெயிலில் கிடந்த மணலாயிருந்தும் அது ஈரமாக, உப்பாக இருந்தது. எழும்பி நின்ற மேட்டின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடக்கிய இடத்தில் நடும் மீசான் கல்லுக்குப் பதிலாகக் கடல் முருகைக் கற்களை நட்டாள். அழுதாள். கடலைப் பார்த்தபடியல்லாமல் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சத்தம் ஓய்ந்தது; மற்ற மேடுகள் அமர்ந்தன; இது அமரவில்லை.

பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார் வந்து பார்த்தார். கடலில் போனவர் எப்படிக் கிணற்றடிக்கு வந்தார் என்று அவர் கேட்கவில்லை. கபுறுக் குழி தெற்கு வடக்காகச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு ஆள் கூட்டச் சொன்னார். அருளப்பு கந்தோருக்குப் போய், வரைபடத்தில் அந்தக் காணி முழுவதையும் முஸ்லிம்களின் அடக்கத்தலமாக, மையவாடி என்று எழுதினான். புதைமேடு என்று எழுதினால் தோண்டுவார்கள். ஒன்றும் எழுதாவிட்டால் இடிப்பார்கள். மையவாடியைத் தொட யுத்தத்துக்கும் தயக்கம் இருந்தது. ஓடுபாதை உப்புநீர்க் களப்புப் பக்கமாகத் திரும்பியது.

ஜுனைதா வெள்ளை உடுத்தி, யன்னலுக்குத் திரை போட்டு, இத்தாவில் அமர்ந்தாள். விமானங்கள் முன்னைவிட அடிக்கடி வந்தன. அவள் எழும்பிப் பார்க்கவில்லை. மையவாடிக்குள் மேயக் கூடாதென்று பக்கத்துக் காணிக்காரர்கள் ஆடுகளை வேலிக்கு அப்பால் கட்டினார்கள்.