உளுந்தில் இரண்டு கோடுகள்

பேட்ரிசியா ஜெல் தட்டை விளக்குப் பெட்டியின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். பன்னிரண்டு வரிசை. இரண்டு கோடு இருக்க வேண்டிய இடத்தில், எல்லா வரிசையிலும் ஒரே ஒரு நீலக் கோடு.

"உன் கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரும்மா" என்றார் பேராசிரியர் அருள்நாதன். அவள் துடைத்துவிட்டும் பார்த்தாள். கோடு கூடவில்லை.

விதையிலுள்ள புரதத்தைக் கரைத்து, கூழ் மாதிரி இறுகிய மெல்லிய தட்டில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் சின்னப் புரதம் முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். சாயம் ஏற்றினால் அது அது நின்ற இடத்தில் கோடாகத் தெரியும். காட்டு உளுந்தில் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் ஒரு கோடு. ஜீயபுரத்தில் வேலம்மாள் வீட்டில் மட்டும் விடாமல் விதைத்து வரும் பழைய நாட்டு உளுந்தில், ஒட்டினாற்போல் இரண்டு. எந்தக் காலத்திலோ ஒரு மரபணு இரட்டித்து, ஒன்று பழைய வேலையையே பார்க்க, மற்றது கொஞ்சம் கொஞ்சமாகத் திரிந்து புதுப் புரதம் செய்ய ஆரம்பித்திருக்க வேண்டும். பேட்ரிசியாவின் நாலு வருட ஆராய்ச்சியும் அந்த இரண்டாவது கோட்டில்தான் நின்றது. ஜூலையில் கோயம்புத்தூர் கருத்தரங்கில் அதைக் கட்டுரையாகப் படிக்க அனுமதியும் வந்துவிட்டது.

அருள்நாதன்தான் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். "நீ ஐம்பது விதையை மொத்தமா அரைச்சிருக்கே. அதுல ரெண்டு ரகம் கலந்திருந்தா? ஆளுக்கொரு கோடு போட்டாலும் ரெண்டுதானே தெரியும்? ஒத்தை ஒத்தை விதையா அரைச்சுக் காட்டு. ஒரே விதையில ரெண்டு கோடு வந்தா நான் வாயை மூடிக்கிறேன்."

நியாயமான கேள்வி. ஆனால் போன வருட விதையில் மிச்சமிருந்ததை வண்டு துளைத்து மாவாக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்த கையோடு பஸ் ஏறி ஜீயபுரம் போய், இருட்டும் நேரத்தில் வேலம்மாளிடம் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். விதை ஒவ்வொன்றும் பளபளவென்றிருந்தது. இந்த வருடம் விளைச்சல் அமோகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டு விதையைத் தனித்தனியாக அரைத்தாள். இன்று செவ்வாய்க்கிழமை. விளைச்சலின் லட்சணம் விளக்குப் பெட்டி மேல் கிடந்தது.

"அப்போ கலப்படம்தான் சார்" என்றாள்.

"அப்படித்தான் தெரியுது. கோயம்புத்தூருக்கு வரலைன்னு லெட்டர் எழுதிடறேன். வியாழக்கிழமை தபால்ல போகட்டும்." அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேஜை மேலிருந்த தன் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அதுதான் அவளை அழ வைத்தது.

ஆய்வுக்கூட உதவியாளர் காத்தான் தட்டைக் கழுவ எடுத்தார். "என்னம்மா, நாலு வருஷமா அரைக்கிறீங்க, வடையும் வரல, இட்லியும் வரல!"

"காத்தாண்ணே, இன்னிக்கு வேண்டாம்" என்றாள் பேட்ரிசியா.

எடமலைப்பட்டி புதூரில் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். தூக்கம் பிடிக்கவில்லை. கலப்படம் என்றால் எப்போது கலந்தது, எதோடு கலந்தது என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போடுவதென்றாலும் காரணத்தோடு கிழிக்கலாம். புதன்கிழமை காலை சத்திரம் பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மூங்கில் சாரத்தோடு தெரிந்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

வேலம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வயல் வேலை, விதை எல்லாமே அவள் பொறுப்பு.

"வாங்க டீச்சரம்மா! என்ன, முகமே செத்துக் கிடக்கு?"

"அக்கா, ஒண்ணு கேட்பேன், கோவிச்சுக்காதீங்க. உங்க உளுந்துல வேற உளுந்து எதாச்சும் கலந்துடுச்சா?"

வாளி டங்கென்று தரையில் இறங்கியது. "யாரு சொன்னது? எங்க மாமியா காலத்துலேர்ந்து தனியாக் களம் கூட்டி, தனியாத் தட்டி, சாம்பல் போட்டுப் பானையில வைக்கிறோம். எங்க வீட்டு விதையில கலப்பா? எந்தச் சிறுக்கி சொன்னா, கூட்டியாங்க!"

"நீங்க வெள்ளிக்கிழமை கொடுத்ததுலதான்..."

"அது விதையே இல்லையே!"

பேட்ரிசியா ஓரடி முன்னால் வந்தாள். "என்னக்கா சொல்றீங்க?"

"வெள்ளிக்கிழமை, விளக்கு வச்ச நேரம். அந்நேரத்துல விதைப் பானையைத் தொறந்து எவளாச்சும் வெளியில கொடுப்பாளா? வீட்டு லெச்சுமியையே அள்ளிக் கொடுத்த மாதிரி ஆயிடாது? அதுக்காக அவ்வளவு தூரம் வந்த பொண்ணை வெறுங்கையோட அனுப்ப முடியுமா? அதான், காந்தி மார்க்கெட்டுல இட்லிக்கு வாங்கின தோல் உளுந்துல ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன்."

"சொல்லியிருக்கலாமேக்கா!"

"விளக்கு வச்ச நேரத்துல இல்லைன்னு வாய்விட்டு வேற சொல்லணுமா? நல்லா இருக்கே! போன வருஷம் நீங்க வந்தது காலங்காத்தால. பானையிலேர்ந்தே கொடுத்தேன். ஏன் டீச்சரம்மா, எந்நேரமும் உளுந்தும் கையுமா இருக்கீங்க, இட்லி உளுந்து எது, எங்க உளுந்து எதுன்னு பார்த்தா தெரியாதா?"

பேட்ரிசியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேலம்மாள் உள்ளே போய், சாம்பல் படிந்து சின்னதாக, மங்கலாக இருந்த விதையைக் கை நிறைய அள்ளிவந்து அவள் முந்தானையில் கொட்டினாள். "சாம்பல் பூசினாப்பல இருக்கும். பளபளப்பெல்லாம் இருக்காது."

பதினோரு மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். பன்னிரண்டு விதை, பன்னிரண்டு சின்னக் குழாய். மின்சாரம் போய்விடுமோ என்று மத்தியானம் முழுக்க மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லை. சாயத்தில் ஊறப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை கழுவக் கழுவத் தட்டிலிருந்து சாயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புரதம் நின்ற இடத்தில் மட்டும் தங்கியது. முதல் வரிசை: இரண்டு கோடு. இரண்டாவது: இரண்டு. மூன்றாவது மங்கல், அவள் தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டு. கடைசி வரை ஒரு விதைகூட ஏமாற்றவில்லை.

அருள்நாதன் லென்ஸை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து, கோயம்புத்தூருக்கு எழுதி ஒட்டி வைத்திருந்த கவரை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"நான் வாயை மூடிக்கிறேன்" என்றார். ஆனால் மூடவில்லை. "மார்க்கெட் உளுந்தையும் விட்டுடாதே. எந்த ரகம்னு விசாரிச்சு ஒரு பத்தி சேர்த்துடு. அதுல ஒண்ணு, இதுல ரெண்டு. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்லதா நானே யோசிச்சிருக்க மாட்டேன்."

"கோயம்புத்தூர்ல யாரு சார் படிக்கிறது? நீங்கதானே?"

"நானா? முந்தாநாள் ஒரே கோடுன்னு லெட்டர் எழுதின ஆளு நான். நீதான் படிக்கணும். உட்காரு, முதல் வரியை இப்பவே எழுது."

பேட்ரிசியா பேனாவை எடுத்தாள், மறுபடி வைத்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒழுங்காக எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பசி காதை அடைத்தது.

"சார், முதல்ல கேன்டீனுக்குப் போயிட்டு வந்துடறேனே" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.