மேனேஜரின் முதல் போட்டியும் ஒரு கைமணியும்

குதிரைமேல் ஒரு நாளும் ஏறியறியாத ஒருவர் குதிரைப் போட்டியைப் பற்றிக் கதை எழுத முற்படுவது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதற்கு முன் நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே. பிழை தென்பட்டால் பெரியோர் பொறுத்தருள வேண்டும். தென்படாவிட்டால் அது என் நல்ல காலம்.

குடிநீர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகப் பணிபுரிந்த அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் தட்டச்சு செய்த கடிதத்துக்கு இரண்டு பொருள் கொள்ள வழியிருக்காது என்பதை அலுவலகமே ஒப்புக்கொண்டிருந்தது. அவருடைய அண்ணன் மர அறுவை ஆலை நடத்திவந்தார். ஆலையின் பின்புறம் ஒரே ஒரு லாயம். அதில், அண்ணனின் பழைய பெண்குதிரை ஈன்றுவிட்டுப் போன ஐந்து வயதுக் குதிரை நின்றது. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. எதிரே யார் வந்தாலும் விடுப்புக் கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல் ஏற இறங்கப் பார்க்கும் வழக்கம் இருந்தபடியால், ஆலையில் எல்லோரும் அதை மேனேஜர் என்றே அழைத்தனர். அந்தப் பதவிக்குரிய மரியாதையை இக்கதையிலும் குறைக்காமல் அளிப்பதே முறை.

அம்மையார் இரண்டு ஆண்டுகளாக, ஒரு காலைப்பொழுதும் தவறாமல், அலுவலகம் செல்லுமுன் மேனேஜர்மேல் ஏறிப் பழக்கிவந்தார். அவர் தட்டச்சு செய்த கடிதங்களில் சில நாள் ஒரு பழுப்பு முடி ஒட்டியிருக்கும். மேலதிகாரி அதை ஊதிவிட்டுக் கையெழுத்திடுவார்.

ஆலையில் பலகை அடுக்க இடம் போதவில்லை என்று அண்ணன் சொல்லத் தொடங்கியபோது விவகாரம் பிறந்தது. திருமணங்களுக்குச் சாரட்டு வண்டி வாடகைக்கு விடும் ஒருவர் அண்ணனுக்கு அறிமுகம். நல்ல மனிதர். அவருக்கு ஒரு குதிரை தேவைப்பட்டது. தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் ஒரு வழி சொன்னார். அடுத்த மாதம் நடக்கும் புதுக் குதிரைகளுக்கான போட்டியில் நடைத் தேர்வு, தடைதாண்டல் என்று இரண்டு சுற்றுகள். இரண்டையும் மேனேஜர் முழுமையாக முடித்தால் குதிரையும் லாயமும் தங்கைக்கே. நடுவர் பாதியில் வெளியேற்றிவிட்டால் சாரட்டுக்கு.

அம்மையார் அன்றே அதை ஒப்பந்தமாகத் தட்டச்சு செய்தார். வெளியேற்றப்பட்டால் என்பதை 'எக்காரணத்தை முன்னிட்டு வெளியேற்றப்பட்டாலும்' என்று மாற்றினார். அண்ணன் படித்துப் பார்த்து, இது எதற்கு, நமக்குள்தானே என்றார். தெளிவில்லாத வாசகம்தான் பிற்காலத்தில் சண்டையாகிறது என்று அம்மையார் விளக்கினார். மூன்று பிரதிகள் எடுத்தார். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தமக்கு. மூன்றாவதைத் தகவலுக்காகச் சாரட்டுக்காரருக்கு அனுப்பிப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலும் வாங்கி வைத்தார். தொடர்புடைய எவருக்கும் பிரதி அனுப்பாமல் விடுவது அவர் கைக்கு வராத காரியம்.

அம்மையாரின் கணவர் பள்ளியில் கணக்காசிரியர். குதிரைமேல் ஏறமாட்டார், ஆனால் அதைச் சுற்றியுள்ள ஒழுங்குகள் அனைத்தும் அவருடையவை. எந்த உயிரும் மணிக்குக் கட்டுப்பட்டால் உருப்படும் என்பது அவர் கொள்கை. பள்ளியில் கழித்துப் போட்ட பித்தளைக் கைமணி ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு ஆண்டுகளாக அதை அடித்த பிறகே மேனேஜருக்குத் தீனி வைத்தார். மேய்ச்சல் திடலின் மறுகோடியில் நின்றாலும், மணி கேட்டால் மேனேஜர் நேர்கோட்டில் வந்து தொட்டியின் முன் நிற்பார். அந்த நேர்கோட்டைக் கணக்காசிரியர் தம் மாணவர்களிடமும் சொல்லிக் காட்டியதுண்டு.

போட்டிக்கு முன் அவர் கோடு போட்ட நோட்டில் ஒரு பட்டியல் தயாரித்தார். புதிய இடத்தில் குதிரையை மிரளவைக்கக்கூடியவை, மொத்தம் இருபத்து மூன்று. குடை, ஒலிபெருக்கி, காற்றில் ஆடும் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, கைதட்டல், அழும் குழந்தை. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டிப் பழக்கி, எதிரே சரி என்று குறியிட்டார். அழும் குழந்தையைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள். அது மேனேஜரைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டதால் அந்த வரிக்கு மட்டும் அரைக் குறி.

பட்டியலில் மணி இல்லை. மேனேஜர் அஞ்சும் பொருட்களின் பட்டியலில், அவர் உலகில் மிகவும் விரும்பும் பொருளை எவரும் எழுதமாட்டார்கள்.

போட்டியன்று காலை மேனேஜர் லாரியில் ஏற மறுத்தார். ஒன்றரை மணி நேரம் எல்லோரும் நயமாகவும் பயமாகவும் சொல்லிப் பார்த்தனர். கடைசியில் கணக்காசிரியர் லாரிக்குள் ஏறி நின்று கைமணியை அடித்தார். மேனேஜர் தாமே நடந்து உள்ளே போனார். அதனால் மணியும் ஒரு துணிப்பையில் கூடவே பயணம் செய்தது.

நடைத் தேர்வின் மைதானம் நீள்சதுரமானது. முழங்கால் உயர வெள்ளைப் பலகைகளால் எல்லை வகுத்திருந்தார்கள். குதிரை அதற்குள் குறித்த வரிசையில் நடக்க வேண்டும், ஓட வேண்டும், வட்டமிட வேண்டும். மேனேஜர் வெளியே சுற்றிவந்தபோது ஒரு குடை, இரண்டு ஒலிபெருக்கிகள், எண்ணற்ற பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. கணக்காசிரியர் நோட்டைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார். அப்போது, தொடங்கலாம் என்பதற்கு அடையாளமாக, நடுவர் அம்மாள் மேசைமேல் இருந்த மணியை எடுத்து அடித்தார்.

மேனேஜர் தலையை உயர்த்தினார். பிறகு லாரியை நோக்கி நேர்கோட்டில் புறப்பட்டார்.

மணி அடித்து நாற்பத்தைந்து வினாடிக்குள் மைதானத்தில் நுழையாவிட்டால் வெளியேற்றம் என்பது விதி. அம்மையார் கடிவாளத்தை இழுத்து, காலால் அழுத்தி, குரலைத் தாழ்த்திக் கெஞ்சி, நாற்பத்து மூன்றாவது வினாடியில் மேனேஜரை உள்ளே கொண்டுவந்து சேர்த்தார். அதன்பின் தீனி எந்த மூலையில் இருக்கிறது என்று மேனேஜர் முறையாகத் தேடியதைத்தான் மற்றவர்கள் நடைத் தேர்வு என்று பார்த்தார்கள். நடுவர் தாளில், 'முன்செல்லும் ஆர்வம் பாராட்டுக்குரியது, கவனம் வேறெங்கோ உள்ளது' என்று எழுதியிருந்தது. பதினோரு குதிரைகளில் பதினோராவது இடம். ஆயினும் வெளியேற்றப்படவில்லை.

அண்ணன் லாரியின் நிழலில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்திருந்தார். தங்கைக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். தடைதாண்டலுக்கும் மணி அடிப்பார்களா என்று கணக்காசிரியர் விசாரித்து வந்தார். அடிப்பார்கள். அடிக்காமல் கைக்குட்டையை அசைக்க முடியுமா என்று பணிவுடன் கேட்டதற்கு, முடியாது என்று அதே பணிவுடன் சொல்லிவிட்டார்களாம். குதிரையின் காதில் பஞ்சு வைக்க விதியில் இடமுண்டு என்பதையும் கேட்டு வந்திருந்தார். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு சுருள் பஞ்சு எடுத்தார்கள்.

"இவ்வளவு பஞ்சா? காதா, தலையணையா?" என்றார் அண்ணன்.

"பாதி வெச்சா பாதிதான் கேக்காது அண்ணா," என்றார் அம்மையார்.

தடைகள் ஒன்பது. தடையின் முன் நின்று தாண்ட மறுப்பதை இரண்டு முறை பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாம் முறை வெளியேற்றம். மணி அடித்தது. மேனேஜருக்குக் கேட்கவில்லை. முதல் தடையை அவர் அலுப்போடு தாண்டினார். இரண்டாவதன் முன் நின்று, யோசித்து, மறுமுறை தாண்டினார்; அது முதல் மறுப்பு. மூன்று, நான்கு, ஐந்து என்று போகப் போக அம்மையாரின் முதுகு நிமிர்ந்தது. ஆறாவதைத் தாண்டி இறங்கிய வேகத்தில் தலையை ஒரு முறை சிலுப்பினார் மேனேஜர். இரண்டு காதுப் பஞ்சும் பறந்தன, இடது பின்கால் லாடமும் கழன்றது. அவர் நிற்கவில்லை. ஏழு. எட்டு.

ஒன்பதாவது, செங்கல் சுவர்போல வண்ணம் தீட்டிய பலகை. இருபுறமும் பூந்தொட்டி. செங்கல் சுவர் அந்த இருபத்து மூன்றில் இல்லை. மேனேஜர் சுவரை ஏற இறங்கப் பார்த்து நின்றுவிட்டார். இரண்டாம் மறுப்பு. அம்மையார் திருப்பி, ஒரு வட்டம் சுற்றி, மீண்டும் சுவரை நோக்கி வந்தார். மேனேஜரின் நடை சுருங்கிக்கொண்டே வந்தது.

சுவருக்கு அப்பால், எல்லைக் கயிற்றின் மறுபுறம், கணக்காசிரியரும் அண்ணனும் நின்றிருந்தனர். துணிப்பை கணக்காசிரியரின் தோளில் தொங்கியது.

"மாப்ள, மணிய அடிங்க," என்றார் அண்ணன், பார்வையைத் திருப்பாமல்.

"கூடாது. வெளியாள் உதவினா வெளியேற்றம்னு விதியிலயே இருக்கு."

"நிக்கப் போகுது மாப்ள. அவ முகத்தப் பாருங்க."

கணக்காசிரியர் பார்த்தார். தேர்வறையில் காப்பியடித்தவர்களை இருபத்தோர் ஆண்டுகளாக வெளியே அனுப்பியவர் அவர். கை பைக்குள் போனது. அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் அந்தக் கையை விலக்கிவிட்டு, மணியை உருவி, மர ஆலைக்காரரின் முழுப் பலத்தோடு அடித்தார்.

மேனேஜர் சுவரைத் தாண்டினார். இன்னொரு சுவரும் அதன்மேல் இருந்திருந்தால் அதையும் தாண்டியிருப்பார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முடிவுக் கொடிகளைக் கடந்து, கயிற்றையும் கடந்து, அண்ணனின் முன் வந்து நின்று பைக்குள் முகத்தை நுழைத்தார். எல்லோரும் கைதட்டினர். அம்மையார் மேனேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறகுதான் அண்ணனின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

நடைத் தேர்வுக்கும் தடைதாண்டலுக்கும் மைதானங்கள் தனித்தனி, நடுவர் மணிகளும் தனித்தனி. எது எங்கே அடித்தது என்று நடுவருக்கே உறுதியில்லை. கடைசித் தடையின்போது மணி அடித்தது யார் என்று ஒலிபெருக்கியில் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். அண்ணன் மணியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கணக்காசிரியர் தம் மாணவர்கள் செய்வதுபோல வலது கையை உயர்த்தினார்.

"எங்க மணிதாங்க," என்றார்.

அவர் உயர்த்துவார் என்று அம்மையாருக்கு முன்பே தெரியும். உயர்த்தாத ஒருவரை அவர் மணந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அது ஆறுதலாக இல்லை. வெளியேற்றம் என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

ஆலை வாசலில் இறங்கியதும் அண்ணன் தம் பிரதியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நான்காகக் கிழித்தார்.

"அடிச்சது நான். குதிரை என்ன செய்யும்? உன்னோடதயும் கிழிச்சுப் போடு."

"மூணாவது பிரதி சாரட்டுக்காரர்கிட்ட இருக்கேண்ணா."

"நான் பேசிக்கறேன்."

பேசினார். சாரட்டுக்காரர் மிகவும் வருந்தினார். ஆனால் ஒப்பந்தத்தை நம்பி, போட்டி முடிவு தெரிந்த கையோடு மூன்று திருமணங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, பிரதியை எடுத்துக் காட்டினார். 'எக்காரணத்தை முன்னிட்டு' என்ற இடத்தில் விரலை வைத்து, இதற்கு வேறு பொருள் கொள்ள முடியுமா என்று அம்மையாரிடமே நாணயமாகக் கேட்டார். அம்மையார் ஒரு முறை படித்துப் பார்த்தார். முடியாது என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. மேனேஜர் ஏற மறுத்தார். சாரட்டுக்காரரும் அவர் ஆட்களும் அரை மணி நேரம் முயன்று ஓய்ந்தனர். எல்லோரும் கணக்காசிரியரைப் பார்த்தனர். கணக்காசிரியர் தம் மனைவியைப் பார்த்தார்.

"அடிங்க. வெயில்ல நிக்குது," என்றார் அம்மையார்.

கணக்காசிரியர் வண்டிக்குள் ஏறி மணியை அடித்தார். மேனேஜர் நேர்கோட்டில் நடந்து உள்ளே போனார். தொட்டியில் தீனி வைத்துவிட்டு, எப்போது, எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று சாரட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்து, மணியையும் அவரிடமே ஒப்படைத்தார். அம்மையார் அன்று அலுவலகத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே சென்றார்.

அந்தப் போட்டியின் பொருட்டு இழந்தவை வருமாறு: இடது பின்கால் லாடம் ஒன்று. பஞ்சு ஒரு சுருள். பிடரி மயிர் பின்னிக் கட்டிய ரப்பர் வளையம் நான்கு. பித்தளைக் கைமணி ஒன்று. குதிரை ஒன்று.